அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் வெயில் காலத்திலேயே செய்து முடிக்க வேண்டியவை

தென்பெண்ணைக் கரையில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் நடு இரவில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து போன் வரும். "சாத்தனூர்ல தண்ணி தொறக்கறாங்க, ஆத்தோரம் சொல்லிடுங்க." தலையாரியும் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். கதவைத் தட்டினால் ஜனங்கள் எழுந்து வந்துவிடுவார்கள். எழுந்து வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எங்க சார் போறது?" அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. அதற்கான பதிலைச் சித்திரை, வைகாசியிலேயே ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அறிந்தது தென்பெண்ணை என்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். பவானிசாகர், மேட்டூர், வைகை என்று எந்த அணைக்குக் கீழே இருப்பவர்களும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சாத்தனூர் அணை உடைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1958 முதல் நிற்கிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தபோதும் அணை நின்றது. அணை நின்றும்கூட திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தோம். அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதமேயான உயர்மட்டப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அன்று வந்தது திறந்துவிட்ட தண்ணீர். உடைந்து வருகிற தண்ணீர் வேறு ரகம்.

முதலில் கணக்கு

சாத்தனூரின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 7.32 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. 1,68,000 கன அடி வீதம் வெளியேறினால் நிரம்பிய அணை காலியாக ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இதுவே கரை உடைந்தால், அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடக்கூடும். மரம், வண்டி, கற்கள், கரை மண் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாவது அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தது. வந்த வெள்ளம், அணையின் உபரிநீர்ப் போக்கி தாங்கும் அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஐந்து கிலோமீட்டர் கீழே இருந்த மோர்பி நகரின் தாழ்வான பகுதிகளுக்கு இருபதே நிமிடத்தில் தண்ணீர் வந்து சேர்ந்தது. இந்த வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. போகப் போகப் படுகை அகலமாகி வேகம் குறையும். திருக்கோவிலூருக்குக் கிடைக்கும் நேரம் அணையடியில் இருக்கும் ஊருக்குக் கிடைக்காது. திருக்கோவிலூரைவிடக் கடலூருக்கு நிறையவே கிடைக்கும்.

ஆகவே முதல் வேலை, உங்களுக்கு மேலே எத்தனை அணைகள் இருக்கின்றன என்று எழுதுவது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி, அதற்குக் கீழே கிருஷ்ணகிரி, அதற்குக் கீழே சாத்தனூர். மேல் அணையில் நடப்பது கீழ் அணைக்கு வந்து சேரும். 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் உடைந்து, தேக்கி வைத்த தண்ணீர் ஆற்றில் வழிந்தோடியது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஷட்டரைத் தாங்கிய எடைக்கல்லின் சங்கிலி அறுந்தது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவின் 19வது மதகுக்கும் சங்கிலிதான் அறுந்தது. மூன்றிலும் அணை நின்றது, ஒரு கதவுதான் போனது. மூன்று முறையும் கீழே இருந்தவர்களை எச்சரிக்க வேண்டி வந்தது. மழையே இல்லாத நாளிலும் ஆறு திடீரென்று வரலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இருக்காது என்று வைத்துத்தான் திட்டம்

வேடசந்தூர் பக்கம் குடகனாற்று அணை 1977இல் உடைந்ததை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மண் அணை, ஐந்து ஷட்டர். வெள்ளம் ஏறும்போது ஊழியர்கள் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தார்கள். பாதி தூக்கும்போது மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் முந்திக்கொண்டது. கரைமேல் வழிந்து, பின்சரிவை அரித்து, கரையைப் பல இடங்களில் பிளந்துவிட்டது. மண் அணைக்கு மேலே தண்ணீர் வழியவே கூடாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கிற பாடம் இது. அந்த ஊழியர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அவர்களை நான் மதிப்போடுதான் நினைக்கிறேன்.

அணையில் மின்சாரம் போகிற அதே மழையில் உங்கள் ஊரிலும் போகும். சற்று நேரத்தில் செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்து நின்றுவிடும். டிஎன் அலர்ட் செயலியைப் போட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, இரண்டு எண்ணையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஆனால் இவை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

முன்பெல்லாம் தண்டோரா போட்டோம். 2022இல் அதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. சரியான உத்தரவு. ஊருக்குச் சேதி சொல்கிற பாரத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம். ஆனால் அதற்குப் பதிலாக வந்த ஒலிபெருக்கி ஆட்டோவுக்கு வழி வேண்டும், டீசல் வேண்டும். முழங்கால் தண்ணீரில் அது நின்றுவிடும். அதனால் எழுப்புகிற வேலையை எல்லாத் தெருவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு ஊரில் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீடும் அடுத்த இரண்டு வீட்டை எழுப்ப வேண்டும். அந்த இரண்டு வீடும் எதிரே வந்து நின்று பதில் சொன்ன பிறகுதான் எழுப்பியவர் நகரலாம். கோயில் மணி, மாதா கோயில் மணி, பள்ளிவாசல் மைக் எதுவாக இருந்தாலும், நிறுத்தாமல் அடித்தால் ஆறு வருகிறது என்று பொருள். பூசை மணியோடு குழம்பாது. மைக்குக்கு ஒரு தனி பேட்டரி. காது கேளாதவர், தனியாக இருக்கும் பாட்டி, பிள்ளை பெற்றவள், படுக்கையில் இருப்பவர் இவர்கள் பெயருக்கு நேரே யார் தூக்கப் போவது என்று ஒரு ஆள் பெயர். அந்த ஆள் வெளியூர் போனால் மாற்று ஆள் பெயர். இந்தப் பட்டியல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது.

இரவைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று விடியற்காலை மூன்று மணி வாக்கில் உடைந்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்தாண்டு முன்பு, 1976 ஜூன் 5 அன்று, அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் என்ற மிகப் பெரிய மண் அணை உடைந்தது. காலையில் கசிவைக் கண்டார்கள், நண்பகலுக்குச் சற்று முன் அணை போனது. பகல் வெளிச்சம், இடையில் சில மணி நேரம், ஊர்களைக் காலி செய்ய வாய்த்தது. ஊர்கள் நாசமாயின, ஆனால் இறந்தவர்கள் பதினோரு பேர்.

உங்கள் வீடு எத்தனை அடி மேலே இருக்கிறது

இதைச் செல்போனில் பார்க்காதீர்கள். அது காட்டும் உயரம் பல அடி முன்பின் இருக்கும். ஊர் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரம் மட்டம் பார்க்க வைத்திருக்கிற டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப், அதுவே போதும். 2024 வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறை எங்காவது இருக்கும். அந்தக் கறையிலிருந்து மட்டத்தைத் தெருத் தெருவாகக் கொண்டு போய் மின்கம்பங்களில் பெயின்ட் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். பள்ளத் தெரு அந்தக் கறைக்கு எத்தனை அடி கீழே, மேட்டுத் தெரு எத்தனை அடி மேலே, பள்ளிக்கூடத் தளம் எங்கே என்று ஒரு நாளில் தெரிந்துவிடும். ஒரு நாள் கூலிதான் செலவு.

அந்தக் கறைக்கு மேலே இருந்தால் தப்பித்தோம் என்று ஆகாது. அது திறந்துவிட்ட வெள்ளத்தின் கறை. அணை உடைந்தால் அதைவிடப் பல அடி ஏறும், அணைக்கு அருகே இன்னும் அதிகம். கறையிலிருந்து எட்டிய மட்டும் உயரமான இடத்தைத் தேடுங்கள்.

அடுத்து நில அளவைத் துறையில் உங்கள் ஊரின் கிராம வரைபடம் ஒரு பிரதி வாங்குங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று கோடுகள் போகும். இன்று அங்கே கரும்பு இருக்கலாம், பிளாட் போட்டு வீடும் கட்டியிருக்கலாம். ஆற்றுக்கு அதெல்லாம் தெரியாது, பழைய வழியில் வரும். 2024 வெள்ளத்தில் அரசூர் அருகே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைத் தண்ணீர் மறித்தது மலட்டாறு வழியாக. பெயரைக் கேட்டாலே வறண்ட ஆறு என்று நினைப்போம். பெரிய ஆறு நிரம்பினால் முதலில் இப்படிப்பட்ட கிளைகளில்தான் தண்ணீர் ஏறும். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குப் பின்னால் வந்து வழியை அடைத்துவிடும். நீங்கள் ஓடப்போகிற பாதை இப்படி ஒரு ஓடையைக் கடக்கிறதா? கடந்தால் அந்தப் பாதை வேண்டாம்.

ஏரிக்கரையும் வேண்டாம். எங்கள் மாவட்டங்களில் உயரமான இடம் என்றால் எல்லோரும் ஏரிக்கரையைத்தான் காட்டுவார்கள். அதே மழையில் ஏரியும் நிரம்பி நிற்கும், கரை எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. பாறை மேடு, குன்றின் அடிவாரம், மானாவாரிக் காடு இவைதான் நல்லது. கடைசியாகத்தான் கான்கிரீட் மாடி. அதுவும் ஆற்றிலிருந்து தள்ளி.

இடத்தை முடிவு செய்ததும் நடந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவில் டார்ச்சோடு ஒருமுறை, வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் வேகத்தில். ஆகிற நிமிடத்தை எழுதுங்கள். திசையை மனதில் பதியுங்கள்: ஆற்றைவிட்டு விலகி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து. ஆற்றோரச் சாலை நன்றாகத் தார் போட்டிருக்கும், வண்டி எடுக்கச் சொல்லி ஆசை காட்டும். அந்தச் சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் தண்ணீர் போகிற திசையிலேயே போகிறீர்கள். பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகிற யோசனையும் கூடாது. அகரம்பள்ளிப்பட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

செய்தியில் "இருபதாயிரம் கன அடி" என்பார்கள். உங்கள் ஊர்ப் படித்துறையில் அது எத்தனை படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அணையில் திறந்த நேரம், எத்தனை கன அடி, உங்கள் ஊரில் தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம், பாலத் தூணில் எந்த மட்டம். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு வரி. சில மழைக்காலம் எழுதினால், போன் வந்ததும் நமக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த நேரம் திறந்த தண்ணீருக்கானது, உடைந்த தண்ணீர் அதைவிட முந்தி வரும். என் நோட்டை அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். அரசு கேட்கிற பதிவேடுகளில் அது கிடையாது, இருந்தாலும் நான் வைத்திருந்ததிலேயே பயனுள்ள பதிவேடு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அணையடியில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் கரையின் பின்புறம் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கசிவது வழக்கம், அதற்கு வடிகால் வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் கலங்கி, மண்ணோடு வந்தாலோ, நேற்றுவரை இல்லாத இடத்தில் ஊற்றுப் போலக் கொப்பளித்தாலோ, கரையில் வெடிப்போ உள்வாங்கிய பள்ளமோ தெரிந்தாலோ, உடனே அணை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அங்கே யாரும் இல்லையென்றால் 1077. தண்ணீரோடு மண் வெளியே வருகிறது என்றால் கரைக்குள்ளே அந்த அளவுக்குப் பொந்து விழுகிறது என்று பொருள். சும்மா கிளப்பிவிட்டாய் என்று யாராவது திட்டினால் திட்டட்டும்.

மாடுகள்

ஆட்கள் வீட்டைவிட்டு வராமல் போவது பெரும்பாலும் மாட்டுக்காக. ஒரு ஆயா என்னிடம் கேட்டார்: "ஏன் சாமி, நாலு உசுர கட்டித்தறில உட்டுட்டு நான் மட்டும் எங்க வர்றது?" அவருக்குச் சமாதானம் சொல்ல முடியாது, அவர் கேட்டது நியாயம். வருமானமும் அதுதான், வீட்டு ஆளும் அதுதான். எனவே மாட்டுக்கும் முன்பே இடம் பாருங்கள். முதல் எச்சரிக்கையிலேயே, ஆட்கள் கிளம்புமுன், மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். மேட்டில் பட்டி போடப் பொது நிலம் ஒன்றை ஊர் பேசி வைக்கட்டும், வைக்கோல் கொஞ்சம் அங்கே இருக்கட்டும். மழைக்கால இரவுகளில் இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகக் கட்டுங்கள். நேரமே இல்லையென்றால் கயிற்றை அறுத்து, பட்டிக் கதவைத் திறந்துவிட்டு நீங்கள் ஓடுங்கள். கட்டில்லாத மாடு நீந்தும், கட்டிய மாடு அங்கேயே போய்விடும். திரும்பி மட்டும் போகாதீர்கள்.

கையில் எடுக்க வேண்டியது ஒரு பைதான். பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக் நகல்கள் பிளாஸ்டிக் கவரில், தினமும் சாப்பிடும் மாத்திரை, டார்ச், ஒரு விசில், தண்ணீர். ஐப்பசி பிறந்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள்.

அந்த நேரம் வந்தால்

அணை உடைந்தது என்று சேதி வந்தால் உறுதி செய்ய நிற்காதீர்கள். டிவி போடுவது, ஆற்றைப் பார்க்கப் போவது, வீடியோ எடுப்பது எல்லாமே நிமிடத்தைத் தின்னும். எரிவாயுவை மூடி, மெயினை அணைத்து, பையை எடுத்து நடக்க வேண்டியதுதான். பைக் எடுக்கலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். மேட்டுப் பாதை காய்ந்திருந்தால், நடக்க முடியாதவரை முதலில் கொண்டுபோய் விட எடுங்கள். தண்ணீர் ஓடுகிற சாலையில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். மேட்டில் சந்திப்பது என்று முன்பே பேசிவிட்டால் யாரும் யாரையும் தேடி வீட்டுக்கு வர மாட்டார்கள். சிக்கிக்கொண்டால் கூரைமேல் ஏறுங்கள், ஓட்டுக்கு உள்ளே பரணில் ஏறாதீர்கள், வெளியே வர வழி இருக்காது. விசிலை விட்டு விட்டு ஊதுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் உடனே இறங்காதீர்கள். மேல் அணைத் தண்ணீர் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம், உடைந்த கரை மேலும் சரியலாம். ஆற்றங்கரை மண் ஊறிப்போய், மேலே நன்றாக இருப்பது போலத் தெரிந்து காலடியில் பெயரும். வீட்டுக்குள் பாம்பு இருக்கும், கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது, அறுந்த கம்பி தண்ணீரில் கிடக்கும்.

கிராம சபையில் கேட்க வேண்டியது

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வொரு பெரிய அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் இருக்க வேண்டும். சட்டம் வருமுன்பே கட்டிய அணைகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அணை உடைந்தால் எந்த ஊர் எவ்வளவு மூழ்கும் என்ற வரைபடம் இல்லாமல் அப்படி ஒரு திட்டத்தை உருப்படியாகப் போட முடியாது. அந்த வரைபடத்தில் உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. மே 1 அல்லது ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பதில் வர நேரம் இருக்கும். தீர்மானத்தில் நான்கு கேள்வி இருந்தால் போதும். அணை உடைந்தால் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வர எத்தனை நிமிடம்? எத்தனை அடி? யார், எந்த வழியாக, மின்சாரம் இல்லாமல் எங்களுக்குச் சொல்வார்கள்? ஒத்திகை எந்தத் தேதியில்?

தீர்மான நகலை நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை ஊராட்சி அலுவலகக் கோப்பில் வையுங்கள். பதில் வரவில்லையென்றால் அக்டோபர் 2 கூட்டத்தில் அதே தீர்மானத்தை மறுபடியும் போட்டு, கூடவே தகவல் உரிமைச் சட்ட மனுவும் அனுப்புங்கள். பதில் வந்தால், அதில் இருக்கிற நிமிடத்தையும் நீங்கள் இரவில் நடந்து பார்த்து எழுதிய நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் நிமிடம் அதிகமாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது நடக்க முடியாதவர்களை முதல் எச்சரிக்கையிலேயே மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.